வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரில்…



எருத்தேன்பதிப் பக்கம் சித்திரை மாதத்தில் நடந்தவர்களுக்கு அந்த வெயில் மறக்காது. கேரளம்தான் என்றாலும், பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு ஓரம். பருவமழை இங்கே கை சுருக்கித்தான் கொடுக்கும். தென்னந்தோப்பு நிழலைத் தாண்டினால் மண் சுடும். இந்த ஊர்க்காரரிடம் போய், “வெயிலில் தோல் உருவாக்கும் வைட்டமின் டி உங்களுக்குக் குறைவு” என்றால் சிரிப்பார்.

ஆனால் இந்தக் குறை நம் நாட்டில் பரவலாக இருக்கிறது. முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும் போட்டுத்தான் காட்டுக்குப் போகிறோம். கறுத்த தோலுக்குக் கூடுதல் நேரம் வெயில் வேண்டும். நாம் நம்பியிருக்கும் காலை இளவெயிலில் தேவையான புற ஊதாக் கதிர் சொற்பம்.

குரோன் நோய், பெருங்குடல் புண் அழற்சி போன்ற குடல் அழற்சி நோய்கள் உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இவர்களின் நோய் எதிர்ப்பு அணுக்கள் சொந்தக் குடலையே புண்ணாக்குகின்றன. அந்த அணுக்களிலும் வைட்டமின் டி-க்கு ஏற்பிகள் உண்டு. அழற்சியைத் தூண்டும் ‘டி’ (T) அணுக்களை இந்த வைட்டமின் தணிக்கிறது. அவற்றை அடக்கும் அணுக்களுக்குத் துணை நிற்கிறது. குடல் சுவரின் இணைப்புகளையும் இறுக்குகிறது.

அப்படியானால் இதுவே மருந்தா? 2010இல் வெளியான டென்மார்க் ஆய்வில், நோய் தணிந்திருந்த 94 குரோன் நோயாளிகளை ஓராண்டு கவனித்தார்கள். தினமும் 1,200 அலகு வைட்டமின் டி எடுத்தவர்களில் 13 சதவீதத்தினருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 29 சதவீதத்தினருக்கும் நோய் திரும்பியது. நல்ல சேதிதான், ஆனால் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாத அளவுக்கு அந்த வித்தியாசம் உறுதிப்படவில்லை. தவிர, புண்ணான சிறுகுடல் இந்த வைட்டமினைச் சரியாக உறிஞ்சாது. குறை நோயைக் கொண்டுவந்ததா, நோய் குறையைக் கொண்டுவந்ததா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

ஆகவே, வைட்டமினை நம்பி மருந்தை நிறுத்திவிடாதீர்கள். வாரம் ஒன்றாக எழுதித் தரும் 60,000 அலகு மாத்திரையைத் தினமும் விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும், சிறுநீரகம் கெடும். இந்த நோய்களுக்கு அசதயோப்ரின் என்ற மருந்து எடுப்பவர்கள் வைட்டமின் டி-க்காக உச்சி வெயிலில் நிற்கவே கூடாது. அந்த மருந்து தோல் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும்.

கோவைக்கோ திருச்சூருக்கோ அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, சீட்டில் ஒரு கேள்வியைக் குறித்துக்கொண்டு போங்கள்: “என் ரத்தத்தில் வைட்டமின் டி எவ்வளவு இருக்கிறது?”

அன்புடன்,
ஆசிரியர்