கோள்கள் பாடட்டும், பிபி மாத்திரையை நிறுத்தாதீங்க

1/
மொபைலில் ஒரு வகை விளையாட்டு இருக்கிறது. திரையின் நடுவில் ஒரு நட்சத்திரம். விரலால் ஒரு கோளைத் தள்ளிவிட்டால், ஈர்ப்பு விசையில் அது சுற்ற ஆரம்பிக்கும். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் ஒரு ஸ்வரம் ஒலிக்கும். இன்னொரு கோளை விட்டால் இன்னொரு ஸ்வரம். நாலைந்து கோள் சேர்ந்தால் தானாகவே ஒரு இசை வந்துவிடும்.

ஸ்கோர் இல்லை. டைமர் இல்லை. தோற்கவும் முடியாது. டியூட்டி முடிந்து வந்த ராத்திரிகளில் நானும் விளையாடியிருக்கிறேன். நல்லா இருக்கும்.

2/
அப்புறம் எதுக்கு டாக்டர் இந்த இழை?

அந்த விளையாட்டுக்கு மேல் ஒட்டப்படும் பொய் லேபிளுக்காக. கோள்களின் அதிர்வெண் நரம்பைச் சரிசெய்யும், சனியின் ஒலியைக் கேட்டால் தூக்க மாத்திரை வேண்டாம், பிபி தானா இறங்கும்... இந்த ரீதியில் ஆப், யூடியூப், வாட்ஸ்அப் என்று எல்லாப் பக்கமும் வருகிறது.

விளையாட்டை விளையாட்டாக வைத்துக்கொள்ளுங்கள். அதை மருந்து என்று சொல்கிறவரிடம் ஆதாரம் கேளுங்கள். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

3/
முதலில், இதில் உண்மை எவ்வளவு?

நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கோள் வேகமாகச் சுற்றும். தள்ளி இருப்பது மெதுவாகச் சுற்றும். புதனுக்கு ஒரு சுற்று 88 நாள். பூமிக்கு 365 நாள். வியாழனுக்குக் கிட்டத்தட்ட 12 வருஷம். சனிக்கு 29 வருஷத்துக்கும் மேல்.

இந்தத் தூரத்துக்கும் காலத்துக்கும் உள்ள கணக்கை கெப்ளர் என்ற ஜெர்மானிய வானியலாளர் 1619-இல் வெளியிட்டார். அந்தப் புத்தகத்தின் பெயரே உலகத்தின் இசைவு என்ற பொருளில்தான் இருக்கும். விளையாட்டில் உள்பக்கக் கோள் அடிக்கடியும் வெளிப்பக்கக் கோள் எப்போதாவதும் ஒலிப்பது இந்தக் கணக்குப்படிதான். தாளம் போடுவது ஈர்ப்பு விசை.

4/
இன்னொரு அழகான உதாரணம், டிராப்பிஸ்ட்-1. சுமார் 40 ஒளியாண்டு தூரத்தில் உள்ள சின்ன நட்சத்திரம். அதைச் சுற்றி 7 கோள்கள் இருப்பது 2017-இல் அறிவிக்கப்பட்டது.

முதல் கோள் 24 சுற்று முடிக்கும் நேரத்தில் மற்றவை ஏறக்குறைய 15, 9, 6, 4, 3, 2 சுற்று முடிக்கின்றன. எல்லாம் முழு எண்கள். இசை தெரிந்தவர்களுக்கு இந்த விகிதங்கள் புரியும். 3-க்கு 2 என்பது ஸ-வுக்கும் ப-வுக்கும் உள்ள உறவு. வானியலாளர்களும் இசைக்கலைஞர்களும் சேர்ந்து இதை இசையாகவே மாற்றிக் காட்டினார்கள்.

இதுவரைக்கும் எல்லாம் உண்மை. இனிமேல்தான் கவனிக்க வேண்டும்.

5/
அந்த இசை அங்கே ஒலிக்கவில்லை.

நம் காதுக்குக் கேட்பது சுமார் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. அதாவது நொடிக்கு 20 முறையாவது அதிர வேண்டும். டிராப்பிஸ்ட்-1-இன் வேகமான கோளே ஒரு சுற்றுக்கு ஒன்றரை நாள் எடுத்துக்கொள்கிறது. பல லட்சம் மடங்காவது வேகப்படுத்தினால்தான் அது ஸ்வரம் ஆகும். கோளுக்கும் கோளுக்கும் நடுவில் ஒலியைச் சுமந்துவரக் காற்றும் கிடையாது.

கோள்களின் இசை காதுக்கு இல்லை, அறிவுக்குத்தான் என்பதில் கெப்ளரே தெளிவாக இருந்தார். 400 வருஷத்துக்கு முன்னால் அவருக்குப் புரிந்தது நமக்கு ஏன் புரியக்கூடாது?

6/
"சூரியன் ஓம்னு சொல்லுது, நாசாவே ரெக்கார்டு பண்ணிடுச்சு" வீடியோ உங்களுக்கும் வந்திருக்கும். 2020 ஜனவரியில், அப்போது புதுச்சேரியின் துணைநிலை ஆளுநராக இருந்த கிரண் பேடியே அதை ட்விட்டரில் பகிர்ந்தார்.

சூரியனின் மேற்பரப்பு அதிர்வது உண்மை. சுமார் 5 நிமிஷத்துக்கு ஒரு முறை ஏறி இறங்கும். சோஹோ விண்கலத்தின் தரவை 42,000 மடங்கு வேகப்படுத்தி, காதுக்குக் கேட்கிற மாதிரி மாற்றினார்கள். வந்தது ஒரு ரீங்காரம். அதில் ஓம் கேட்டது கேட்டவர்களின் மனசு.

7/
ஆப்களில் வரும் "பூமியின் அதிர்வெண் 136.1 ஹெர்ட்ஸ்" எங்கிருந்து வந்தது தெரியுமா? ஹான்ஸ் கூஸ்டோ என்பவர் 1970-களில் போட்ட கணக்கு.

ஒரு வருஷத்துக்கு ஒரு சுற்று. அந்த அதிர்வெண்ணை இரண்டால் பெருக்குங்கள். மறுபடி இரண்டால். இப்படி 32 தடவை. 136.1 வரும். கணக்கு சரிதான், கால்குலேட்டரில் நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

ஆனா 32 தடவையோட நிறுத்தினது ஏன்? அதைச் சுற்றி உள்ள எண்கள்தான் நம் காதுக்கு வசதி. அதுக்கு மேல் காரணம் கிடையாது. இந்தப் பெருக்கலில் உங்கள் நரம்பு எங்கே வந்தது? ரத்தக்குழாய் எங்கே வந்தது?

8/
நம்ம ஊர் கச்சேரியைப் பாருங்க. ஒருவர் ஒரு கட்டையில் பாடுவார், இன்னொருவர் ஐந்து கட்டையில் பாடுவார். குரலுக்குத் தகுந்த சுருதி. அதே ராகம், அதே உருக்கம். ஒரு குறிப்பிட்ட ஹெர்ட்ஸில்தான் மனசு ஆறும் என்றால், இத்தனை காலமாகக் கச்சேரி கேட்டு அழுதவர்கள் எல்லாம் எதுக்கு அழுதார்கள்?

9/
சரி, அப்போ இந்த விளையாட்டு மனசை அமைதிப்படுத்தாதா?

படுத்தும். மெதுவான, திடீர் மாற்றம் இல்லாத ஒலி. அவசரம் இல்லை, போட்டி இல்லை. உங்கள் கவனம் கவலையிலிருந்து சுற்றும் புள்ளிகளுக்குப் போகிறது. மூச்சு நிதானமாகிறது, நாடித்துடிப்பு கொஞ்சம் இறங்குகிறது.

இசைக்கு ஆதாரமும் உண்டு. அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களுக்கு இசை கேட்கக் கொடுத்த 26 ஆய்வுகளை, 2,051 பேரை, காக்ரேன் அமைப்பு 2013-இல் தொகுத்துப் பார்த்தது. பதற்றம் குறைந்தது.

அதற்கு எந்தக் கிரகமும் தேவைப்படவில்லை. உங்களுக்கு இளையராஜா பிடித்தால் இளையராஜா போதும்.

10/
பதற்றம் கொஞ்ச நேரம் குறைவது வேறு. நோய்க்குச் சிகிச்சை வேறு.

இந்தியாவில் சுமார் 31.5 கோடி பேருக்கு உயர் ரத்த அழுத்தம் என்று 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலானோருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, "நான் நல்லாத்தானே இருக்கேன்" என்பார்கள். முதல் அறிகுறியே பக்கவாதமாக வரலாம்.

அப்படிப்பட்ட நோயில் "மனசு லேசா இருக்கு, அதனால பிபி சரியாயிருக்கும்" என்பது எவ்வளவு ஆபத்தான கணக்கு!

11/
என் ஓபிக்கு வந்த ஒரு அம்மா. அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். மாத்திரையை நிறுத்தி மூன்று மாசம். தினமும் ராத்திரி ஹெட்போனில் கிரக ஒலி. "நல்லா தூக்கம் வருது சார், இனி மாத்திரை எதுக்குன்னு விட்டுட்டேன்." அன்றைக்கு பிபி 190/110.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, சரியான நேரத்தில் வந்துவிட்டார். வராதவர்களை நாங்கள் ஓபியில் பார்ப்பதில்லை. எமர்ஜென்சி வார்டில்தான் பார்ப்போம், கை கால் இழுத்த நிலையில்.

12/
"சைடு எஃபெக்ட் இல்லாத விஷயம்தானே டாக்டர், கேட்டுட்டுப் போகட்டுமே?"

நிறுத்தப்பட்ட மாத்திரைதான் அதன் சைடு எஃபெக்ட். சில பிபி மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் முன்பைவிட அதிகமாக ஏறும். மனச்சோர்வு மாத்திரையைத் தானாக நிறுத்தினால் நோய் திரும்ப வரலாம்.

தூக்கமின்மையும் ஒரே நோய் இல்லை. தைராய்டாக இருக்கலாம். விடிகாலை 3 மணிக்கே விழிப்பு வருவது மனச்சோர்வின் அறிகுறியாக இருக்கலாம். பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது என்றால் அது வேறு பிரச்சனை. எல்லாவற்றுக்கும் ஒரே ஹெர்ட்ஸ் என்றால், நோயைத் தேடவே இல்லை என்று அர்த்தம்.

13/
விளையாட்டு மருந்தாகவே முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆகியிருக்கிறது.

எண்டெவர்ஆர்எக்ஸ் என்ற வீடியோ கேமை 2020 ஜூனில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதித்தது. 8 முதல் 12 வயது வரை உள்ள, கவனக்குறைபாடு கொண்ட ஏடிஹெச்டி குழந்தைகளுக்கு, டாக்டர் சீட்டோடு. அதற்கு முன் 600-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் ஆய்வு செய்தார்கள். அப்போதும் மற்றச் சிகிச்சைகளோடு சேர்த்துத்தான் பயன்படுத்த வேண்டும் என்று சொன்னார்கள்.

அதுதான் மருந்து என்ற பெயருக்கான விலை. அந்த விலையைக் கொடுக்காமல் பெயரை மட்டும் எடுத்துக்கொள்வது மோசடி.

14/
நம் நாட்டில் 1954-லேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம். ரத்த அழுத்தம், நீரிழிவு உட்பட அதில் பட்டியலிட்ட நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது குற்றம். தாயத்து, மந்திரம் எல்லாம் அதில் அடக்கம்.

அன்றைக்குத் தாயத்து கையில் இருந்தது. இன்றைக்கு ஹெட்போனில் வருகிறது. சம்பந்தப்பட்டவர்கள் இதையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

15/
இதில் நோயாளியைத் திட்டாதீர்கள். காலையிலிருந்து வரிசையில் நின்று, டாக்டரிடம் இரண்டு நிமிஷம் பேசிவிட்டுப் போகிறவர், இருபது நிமிஷம் பொறுமையாகப் பேசும் ஒரு குரலை நம்புவது இயற்கை. ஓபியில் ஆளும் நேரமும் அதிகமானால் இந்த வியாபாரம் பாதி படுத்துவிடும். அந்தக் கேள்வியை அரசிடம் கேளுங்கள், நானும் கேட்கிறேன்.

16/
செய்ய வேண்டியவை:

- 30 வயது தாண்டியவர்கள் வருஷத்துக்கு ஒரு முறையாவது பிபி பாருங்கள். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.
- மாத்திரை வாங்க வர முடியாதவர்களுக்கு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும். கேட்டு வாங்குங்கள்.
- மாத்திரையைக் குறைக்க வேண்டுமா? டாக்டரிடம் சொல்லுங்கள். குறைக்க முடிந்தால் நாங்களே குறைப்போம்.
- இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பு இல்லை என்றால் டெலிமானஸ் 14416. இலவசம், தமிழில் பேசலாம்.
- படுக்கும்போது விளையாடினால் திரை வெளிச்சத்தைக் குறையுங்கள்.

17/
உங்கள் வீட்டுக் குழந்தைக்கு இந்த விளையாட்டைக் காட்டுங்கள். உள்ளே இருக்கும் கோள் ஏன் வேகமாகச் சுற்றுகிறது என்று கேளுங்கள். கெப்ளர் கதையைச் சொல்லுங்கள். அதுக்கு இது அருமையான பொம்மை.

அப்பா அம்மாவிடம் மட்டும், இன்னைக்கு ராத்திரியே கேளுங்க: "மாத்திரை போட்டாச்சா?"

உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அந்தக் கிரக வீடியோ வந்தால், கீழே இந்த இழையையும் போட்டுவிடுங்கள்.