பூனைக்குட்டியின் மூக்கடைப்பு

இரங்கூனிலிருந்து இரவு நேரத்தில் தொலைபேசி வந்தால் நம்மவர் வீடுகளில் நெஞ்சு திக்கென்று ஆகிவிடும். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் எனக்கும் அவ்வாறே ஆயிற்று. பேசியவர் என் தமக்கையார். 1964இல் கடைகள் அரசுடைமையாகி நாங்கள் கப்பலேறியபோது, மணமாகி அங்கேயே தங்கிவிட்டவர். யாருக்கு என்ன நேர்ந்ததோ என்று நான் பதற, "பேத்தி ஒரு பூனைக்குட்டியைத் தூக்கி வந்திருக்கிறாள், தம்பி. தும்மித் தும்மி மூச்சு விடமாட்டாமல் கிடக்கிறது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. காய்ச்சல் மாத்திரையில் கால் பங்கை நுணுக்கிப் பாலில் கலந்து வைத்திருப்பதாக அவர் அடுத்துச் சொன்னதும் சிரிப்பு அடங்கிவிட்டது.

"அதை உடனே கொட்டிவிடுங்கள் அக்கா!" என்று கத்தினேன். கால்நடை மருந்தகத்தில் கம்பவுண்டராக இருபத்தெட்டு ஆண்டுகள் இருந்தவன் நான். இப்பகுதியில் ஆடு மாடுகளைப் பற்றியே எழுதி வருவதற்கும் அதுவே காரணம். இவ்வாரம் பூனைக்கு இடம் கொடுக்கிறேன். ஏனெனில் தமக்கையார் செய்யவிருந்ததை அன்பின் மிகுதியால் எவரும் செய்துவிடக்கூடும்.

பாராசிட்டமாலை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. உடலில் தேங்கும் மருந்து நஞ்சாகி இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குகிறது. ஈறுகள் பழுப்பேறும், முகமும் பாதங்களும் வீங்கும், இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழக்கும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று வளர்ந்த பூனையையே கொல்லக்கூடும் என்றால், உள்ளங்கையளவு குட்டிக்கு ஒரு துணுக்கு போதாதா? நெஞ்சில் தைலம் தடவுவதும் ஆகாது. கற்பூரமும் யூக்கலிப்டஸ் எண்ணெயும் நமக்கு இதம். பூனையோ உடலை நக்கி நக்கித் துடைக்கும் பிராணி. தடவியதெல்லாம் வயிற்றுக்குள் போய்விடும்.

குட்டி கிடைத்த இடம் தெருக்கோடியிலிருந்த பௌத்த மடத்தின் வாயில். பர்மிய மொழியில் பூனைக்கும் மடத்துக்கும் பெயர் ஏறத்தாழ ஒன்றே. குரலின் ஏற்ற இறக்கத்தில்தான் வேறுபாடு. சிறுவனாக இருந்தபோது இதைத் தவறாகச் சொல்லி நான் பலமுறை கேலிக்கு ஆளானதுண்டு. வேண்டாத குட்டிகளை மடத்து வாயிலில் விட்டுச் செல்வது அங்குள்ளோர் வழக்கம். துறவிகள் சோறிடுவர், ஆனால் பல பூனைகள் ஒரே தட்டில் உண்ணுமிடத்தில் இந்நோய் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எளிதில் தாவும். ஹெர்ப்பிஸ், கலிசி என்னும் இரு வைரஸ்களே பெரும்பாலும் இதற்குக் காரணம். தாய்ப்பால் தந்த காப்பு சில வாரங்களில் தேய்ந்துவிட, குட்டி அகப்பட்டுக்கொள்கிறது. கண்ணில் பீளை கட்டினால் ஹெர்ப்பிஸையும், நாவில் புண்ணும் எச்சில் வடிதலும் இருந்தால் கலிசியையும் மருத்துவர் முதலில் ஐயுறுவார்.

சளி மட்டுமே குட்டியைக் கொல்வதில்லை; பட்டினியும் சேர்ந்து கொல்கிறது. மணம் தெரியாவிட்டால் பூனை உணவைத் தொடாது. மூக்கடைத்த குட்டியின் முன் எத்தனை வகை மீனை வைத்தாலும் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆகவே மூக்கைத் திறப்பது முதல் வேலை, ஊட்டுவது இரண்டாவது. இதை நான் மூன்று முறை சொன்ன பிறகே தமக்கையார் எழுதிக்கொண்டார்.

கொதித்து ஆறிய கால் லிட்டர் நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, வெதுவெதுப்பாகப் பஞ்சில் நனைத்து மூக்கின் பொருக்கை ஊறவைத்துத் துடைக்க வேண்டும், பிய்க்கலாகாது. கண்ணுக்குத் தனிப் பஞ்சு. பிறகு குளியலறைக் கதவைச் சாத்தி, ஒரு வாளியில் வெந்நீரை வைத்து, குட்டியை மடியில் ஏந்தியபடி பத்து நிமிடம் ஆவியில் உட்கார வேண்டும். வாளியின் மேலே நேராகப் பிடித்தால் வெந்துபோகும். நாளுக்கு இரண்டு மூன்று முறை இதைச் செய்யலாம். 2021க்குப் பின் மின்சாரம் முறைவைத்து வருகிற ஊரில் வாளி வெந்நீரே வசதி.

ஊட்டுமுன் குட்டியின் உடல் சூடாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குளிர்ந்த குட்டிக்குப் பால் செரிக்காது. வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி அருகில் வைத்தால் போதும். பசும்பால் பேதியாக்கும், பூனைக்குட்டிக்கென விற்கும் பால்மாவே நல்லது. மல்லாத்திப் பிடித்து ஊட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். குப்புறப் படுத்த நிலையில், ஊசியில்லாப் பீச்சுகுழலால் சொட்டுச் சொட்டாகக் கொடுக்க வேண்டும். ஐந்து வாரக் குட்டியாதலால், உப்பிடாமல் வேகவைத்து முள் நீக்கிய மீனை மசித்து இளஞ்சூட்டில் வைக்கவும் சொன்னேன். சூடான உணவே மணக்கும்.

நாள்தோறும் நிறுத்துப் பார்க்கவும் சொன்னேன். ஐந்து வாரத்தில் ஏறக்குறைய 500 கிராம் இருக்க வேண்டிய குட்டி, மாவு நிறுக்கும் தராசில் 350 கிராமே இருந்தது. நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து கிராம் ஏற வேண்டும். நம்மவர் கணக்கில் பர்மிய வீசையின் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. ஒரு நாள் எடை இறங்கினாலும், அரை நாள் எதுவும் உண்ணாவிட்டாலும், வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலும், கருவிழி மங்கினாலும் காத்திருக்கலாகாது.

மறுநாள் எடை இறங்கியது. மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். வைரஸைக் கொல்லும் ஆற்றல் ஆன்டிபயாட்டிக்குக்கு இல்லை. மேலே தொற்றும் பாக்டீரியாவுக்காக அவர் டாக்சிசைக்ளின் கொடுத்தார். அதை விழுங்கியபின் சிறிது நீரோ உணவோ கொடுக்காவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். கடைக்காரரிடம் கேட்டு வாங்கினால் இதை யார் சொல்வார்? பேத்தியின் கையிலிருந்த கீறலையும் அவர் கவனித்தார். வெறிநோய் உள்ள நாடு அது. பதினைந்து நிமிடம் சோப்பு நீரில் கழுவச் சொல்லி, மருத்துவமனைக்கு அனுப்பினார். கீறலைப் பற்றித் தமக்கையார் என்னிடம் மூச்சுவிடவில்லை!

நான்காம் நாள் குட்டி தானாகவே மீனை நக்கியது. தேறியபின் தடுப்பூசி. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் கடக்கும்வரை மூன்று நான்கு வாரத்துக்கொருமுறை போட வேண்டும். அது தொற்றை முற்றிலும் தடுக்காது, கடுமையைக் குறைக்கும். மருந்து 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டியது. மின்வெட்டின்போது எப்படிக் காக்கிறீர்கள் என்று கேட்பதில் வெட்கமில்லை.

ஹெர்ப்பிஸ் ஒருமுறை புகுந்தால் போவதில்லை. நரம்பு முடிச்சில் உறங்கிக் கிடந்து, பூனை கலங்கும்போது விழித்தெழும். தமக்கையார் குடும்பம் இவ்வாண்டு வீடு மாறியது. ஒரு வாரத்தில் பூனை மீண்டும் தும்மத் தொடங்கியது. "வீடு மாறினால் எனக்கும்தான் உடம்புக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு, இம்முறை என்னைக் கேளாமலே வாளியில் வெந்நீர் வைத்தாராம். எடை இப்போது இரண்டு வீசைக்குச் சற்றுக் குறைவு.