பத்தமடைக்கு ஒரு விருந்தினர் கணக்கு

சேரன்மகாதேவியை அடுத்த பத்தமடையில் நெய்யப்படும் கல்யாணப் பாய்களில் மணமக்களின் பெயர்களும் மணநாளும் பாயோடு பாயாகவே நெய்யப்பட்டிருக்கும். தாமிரபரணிக் கரையில் விளைந்த கோரையைக் காயவைத்து, ஊறவைத்து, மெல்லிய இழைகளாக வகிர்ந்து, சாயமேற்றித் தறிக்குக் கொண்டுவரவே பல நாட்கள் பிடிக்கும். பெயரில் ஓர் எழுத்து பிசகினால் அத்தனை உழைப்பும் வீண். ஆகவே, வாங்குபவர் என்ன எழுதி அனுப்பினார், எந்தத் தேதியில் அனுப்பினார் என்கிற பதிவு நெய்பவருக்குத் தறியைப் போலவே ஒரு தொழிற்கருவி.

ஒரு காலத்தில் கடிதத்திலும் பின்னர் தொலைபேசியிலும் வந்த இச்செய்திகள் இப்போது எங்கெங்கோ வருகின்றன. நிறுவனங்கள் பல தம் அலுவல் உரையாடல்களை டீம்ஸ், ஸ்லாக், சோகோவின் கிளிக் (சோகோவுக்குத் தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஓர் அலுவலகம் உண்டு, தொலைதூரத்துக் கதையொன்றும் இல்லை இது) போன்ற மென்பொருள்களுக்கு மாற்றிவிட்டன. வெளியாரை உள்ளே சேர்க்க இவை எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வழி இருக்கிறது. டீம்ஸிலும் ஸ்லாக்கிலும் அப்படிச் சேர்பவருக்கு 'விருந்தினர்' என்றே பெயர்.

பத்தமடை நெசவாளர் குழுவொன்றை ஒரு நகரத்து நிறுவனம் இப்படி விருந்தினராக அழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல காரியந்தான். ஆனால் எந்த அறைக்குள் அழைக்கிறது? டீம்ஸில் விருந்தினர் வசதி 2017இல் வந்தது. 2021 பிப்ரவரி முதல், நிர்வாகி தனியே அணைத்துவைத்தாலொழிய அது திறந்தே இருக்கும் என்றாயிற்று. ஒரு குழுவில் சேர்க்கப்பட்ட விருந்தினருக்கு அக்குழுவின் பொதுச் சேனல்கள் அனைத்தும் தெரியும். மறைக்க வேண்டியவற்றுக்குத் தனிச் சேனல் அமைத்தாக வேண்டும். அமைக்க மறந்தால், பத்தமடைக்காரர் தமக்கு வந்த சாய நிறத்தோடு, வேறோர் ஊர்க்காரர் சொன்ன விலையையும் படித்துக்கொண்டிருப்பார். திண்ணையில் உட்கார வேண்டியவரை நேரே கணக்குப்பிள்ளையின் மேசைக்கு அழைத்துப்போன கதை.

இதைக் குறித்து நிறுவனங்களின் கணினிப் பிரிவுகள் நிறையவே கவலைப்படுகின்றன. கவலை நியாயமானது. ஆனால் அந்தக் கவலையில் விருந்தினர் எப்போதும் ஓர் ஆபத்தாக மட்டுமே வருகிறார் என்பதுதான் நம் குறை. அழைப்பவராலும் தொல்லை நேரலாம். 2021 மார்ச்சில் ஸ்லாக், எந்த நிறுவனத்தில் இருப்பவருக்கும் நேரடிச் செய்திக்கான அழைப்பு அனுப்பும் வசதியைத் திறந்தது. அழைப்போடு எழுதும் குறிப்பில் வசையையும் எழுதி அனுப்பலாம் என்று பயனர்கள் உடனே சுட்டிக்காட்டவும், குறிப்பெழுதும் வசதியை ஒரே நாளில் விலக்கிக்கொண்டது.

அதைவிடப் பெரிது, விருந்தினர் வெளியேறும் நேரம். கணக்கு நீக்கப்பட்டால் அவர் எழுதியவை, அனுப்பிய படங்கள், ஒப்புக்கொண்ட விலை எல்லாம் நிறுவனத்திடம் தங்கிவிடும். அவருக்கு அவற்றைத் திறக்க வழியில்லை. 'நாங்கள் சொன்ன பெயர் இதுவன்று' என்று பிறகு ஒரு தகராறு எழுந்தால், எழுத்து முழுவதும் ஒரு தரப்பின் பெட்டியில் இருக்கும். இந்த ஒரு விஷயத்தில், அலுவலகங்கள் முகம் சுளிக்கும் வாட்ஸ்அப்பே மேல் என்போம். அங்கே செய்தி நெய்பவரின் கைப்பேசியிலும் கிடக்கிறது. எங்கள் வடிவங்கள் வெளியே போய்விடுமே என்று நிறுவனம் கேட்கலாம். கேட்கட்டும். பாயின் வடிவங்கள் பலவும் பத்தமடையிலிருந்து வந்தவைதாமே?

மறுபக்கமும் உண்டு. நீக்கப்படாமலே கிடக்கும் கணக்குகள். அழைத்தவர் வேலையை விட்டுப் போயிருப்பார்; இந்த விருந்தினர் யார், எதற்கு வந்தார் என்று சொல்ல ஆளிருக்காது.

'விருந்து' என்ற சொல்லுக்குப் புதுமை என்பது பழைய பொருள். தொல்காப்பியச் செய்யுளியல் எண்ணும் எட்டு வனப்புகளில் ஒன்று விருந்து. புதிதாகப் புனையும் யாப்பைக் குறிப்பது. அவ்வகையில் வந்து மூன்றாண்டுகள் ஆகியும் விடைபெறாதவரை விருந்தினர் என்பது சொல்லுக்கே பொருந்தாது. ஒன்று அவரைப் பங்காளியாக்க வேண்டும், அல்லது முறையாக வழியனுப்ப வேண்டும்.

வழியனுப்பக் கருவிகள் இல்லாமலில்லை. ஸ்லாக்கில் விருந்தினருக்கு முடிவு நாள் குறிக்கலாம். அவரை ஒரே சேனலோடு நிறுத்தவும் செய்யலாம். கூகுள் டிரைவின் கட்டணக் கணக்குகளில் பகிர்வுக்குத் தவணை வைக்கலாம். அழைக்கும்போதே அந்த நாளைக் குறித்து, பொறுப்பாளர் ஒருவரின் பெயரையும் எழுதிவைத்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதியைத்தான் ஒருவரும் பேசுவதில்லை: கணக்கை மூடுமுன் உரையாடலையும் கோப்புகளையும் ஒரு பிரதியெடுத்து விருந்தினரிடம் தருவது. கொள்முதல் ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு வரி போதும். அந்த வரியைக் கேட்டு வாங்கும் வலு தனித்தனி நெசவாளருக்கு இராது. புவிசார் குறியீட்டுக்காகச் சேர்ந்து நின்றவர்கள் இதற்கும் சேர்ந்தே கேட்கலாம். அடுத்த கல்யாணப் பருவத்துக்கு இன்னும் நாளிருக்கிறது.