வெளிநாட்டில் வண்டி ஓட்டப் போறீங்களா? சாவி கிடைத்தால் மட்டும் போதாது

தாய்லாந்தின் புக்கெட் தீவில் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்பது ரொம்ப சுலபம். பணத்தைக் கட்டினால் பல கடைகளில் சாவியை நீட்டிவிடுவார்கள், லைசென்ஸைக் கேட்பதுகூட இல்லை. 'கடைக்காரரே கேக்கல, அப்புறம் என்ன?' என்று நாமும் கிளம்பிவிடுகிறோம். ஆனால் வழியில் போலீஸ் நிறுத்தினால் பதில் சொல்ல வேண்டியது கடைக்காரர் இல்லை, நீங்கள்தான். விபத்து நடந்தால் இன்னும் மோசம். மருத்துவமனை பில் முழுவதும் உங்கள் தலையில் விழலாம். ஏன்?

ஐ.டி.பி. என்றால் என்ன?

இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் என்பதன் சுருக்கம்தான் ஐ.டி.பி. பலர் இதைத் தனி லைசென்ஸ் என்று நினைக்கிறார்கள். உண்மையில், உங்கள் இந்திய லைசென்ஸில் உள்ள விவரங்களைப் பிற நாட்டு அதிகாரிகள் புரிந்துகொள்ளும்படி பல மொழிகளில் தரும் சான்று இது, அவ்வளவுதான். அதனால் ஒரிஜினல் லைசென்ஸும் கூடவே இருக்க வேண்டும். டிஜிலாக்கரைக் காட்டினால் இந்தியாவில் செல்லும். வெளிநாட்டில் அதை நம்பி இறங்காதீர்கள், கார்டையே எடுத்துச் செல்லுங்கள்.

எப்படி வாங்குவது?

பரிவாஹன் இணையதளம் வழியாக, படிவம் 4ஏ-வில் உங்கள் ஆர்.டி.ஓ.வுக்கு விண்ணப்பிக்கலாம். கட்டணம் 1,000 ரூபாய். அதிகபட்சம் ஓராண்டுதான் செல்லும், அதன்பிறகு புதிதாகத்தான் எடுக்க வேண்டும். எல்.எல்.ஆர். மட்டும் வைத்திருந்தால் கிடைக்காது. 1949 ஜெனீவா ஒப்பந்தத்தின்படி நாடு முழுக்க ஒரே வடிவில், கியூஆர் கோடுடன் இதை வழங்க 2022 ஆகஸ்டில் மத்திய அரசு விதியைத் திருத்தியது. 'பல ஆண்டுக்குச் செல்லும் இன்டர்நேஷனல் லைசென்ஸ்' என்று இணையத்தில் விற்பவர்களிடம் ஏமாற வேண்டாம்.

எல்லா நாட்டிலும் செல்லுமா?

செல்லாது. ஜப்பான் 1949 ஒப்பந்தப்படி வழங்கிய ஐ.டி.பி.யை மட்டுமே ஏற்கிறது. இந்தியாவின் ஐ.டி.பி. அந்த வகை என்பதால் சிக்கல் இல்லை. சீனா ஐ.டி.பி.யை ஏற்பதே இல்லை, அங்கே தற்காலிக உள்ளூர் லைசென்ஸ் எடுக்க வேண்டும். பிரிட்டனில் இந்திய லைசென்ஸை வைத்தே 12 மாதம் வரை கார் ஓட்டலாம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும்.

வேலைக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சுற்றுலாப் பயணிக்கு உள்ள சலுகை, அங்கேயே குடியிருப்பவருக்குக் கிடைக்காமல் போகலாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் ரெசிடென்ஸ் விசா வந்துவிட்டால் ஐ.டி.பி. கைகொடுக்காது. உள்ளூர் லைசென்ஸ் எடுத்தே ஆக வேண்டும்.

பணம் எங்கே போகும்?

ஐ.டி.பி. இல்லாமல் பிடிபட்டால் வரும் அபராதத்தைச் சமாளித்துவிடலாம். பெரிய அடி இன்சூரன்ஸில்தான். செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி விபத்தில் சிக்கினால், பல டிராவல் பாலிசிகள் பணம் தராது.

இங்கேதான் நம்மவர்கள் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். இந்தியாவில் கார் லைசென்ஸ் மட்டும் வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் ஐ.டி.பி.யும் காருக்கு மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு புக்கெட்டில் ஸ்கூட்டர் ஓட்டினால், லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகவே கணக்கு. கால் முறிந்து ஆபரேஷன் வரை போனாலும் 'க்ளெய்ம் கிடையாது' என்று பதில் வரலாம். புறப்படும் முன், உங்கள் லைசென்ஸில் கியர் உள்ள இருசக்கர வாகனத்துக்கான எம்.சி.டபிள்யூ.ஜி. இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

நம்ம ஊர்ப் பழக்கம் எங்கே இடிக்கும்?

ரோம், புளோரன்ஸ் போன்ற இத்தாலிய நகரங்களின் பழைய பகுதிகளில் இசட்.டி.எல். என்று பலகை இருக்கும். அனுமதி இல்லாத வண்டி நுழைந்தால் கேமரா படம் பிடித்துவிடும். வாடகை நிறுவனம் உங்கள் விவரத்தைப் போலீஸுக்குத் தந்துவிட்டு, அதற்கென ஒரு தொகையை உங்கள் கார்டிலிருந்து எடுக்கும். அபராத நோட்டீஸ் நீங்கள் ஊர் திரும்பிப் பல மாதம் கழித்துகூட வரலாம்.

அமெரிக்காவில் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கைச் சிமிட்டியபடி நின்றால், பின்னால் வரும் வண்டிகளும் நிற்க வேண்டும், நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் எதிரே வரும் வண்டிகளும் நிற்க வேண்டும். ஜப்பானில் குடித்துவிட்டு ஓட்டினால், அது தெரிந்தே கூட உட்கார்ந்து வந்தவருக்கும் தண்டனை உண்டு.

கிளம்பும் முன் என்ன செய்யலாம்?

போகும் நாட்டின் போக்குவரத்துத் துறை இணையதளத்தைப் பாருங்கள். ஐ.டி.பி.யில் உள்ள வாகன வகையையும் வாடகைக்கு எடுக்கப்போகும் வண்டியையும் ஒப்பிடுங்கள். பாலிசியில் 'எதற்கெல்லாம் பணம் கிடையாது' என்ற பக்கத்தைப் படியுங்கள். மூன்றுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம்தான் ஆகும். சாவி கொடுப்பவர் இதையெல்லாம் பார்க்கப் போவதில்லை. விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் நிறுவனம் கட்டாயம் பார்க்கும்.