கடல் கடந்த குரல்

சென்ற ஆண்டு எம் மாணவர் சிலர், இலண்டனில் வாழ்ந்த முதிய ஆசிரியர் ஒருவரைச் செவ்வி கண்டு பொட்காஸ்ட் ஒன்று ஆக்க முனைந்தனர். கைவசமிருந்த உரையாடற் செயலியிலேயே பதிவு செய்தனர். பெரியவர் ஒரு மணி நேரம் மனந்திறந்து பேசினார். பின்னர் கேட்டபோது சொற்கள் இடையிடையே அறுந்து கிடந்தன. மீண்டும் பேசச் சொல்ல வழியில்லை. அடுத்த மாதமே அவர் காலமாகிவிட்டார்.

இஃது ஏன் நேர்ந்தது? உரையாடற் செயலியின் முதற்கடன், பேச்சைத் தாமதமின்றி நடத்துவதாகும். இணையவழியில் ஒலித்துண்டு ஒன்று பிந்தினால், அதற்காகக் காத்திராது மேலே செல்லும். பேசுவோர்க்கு அது பெரிதன்று; பதிவிலோ அத்துண்டு என்றும் இல்லை. ஸூம் செயலியில் ஒவ்வொருவர் குரலையும் தனிக்கோப்பாகப் பெறும் வசதி உண்டு. ஆயினும் அதுவும் இணையவழி வந்து சேர்ந்த குரலே.

ரிவர்சைட், சென்காஸ்டர், ஸ்குவாட்காஸ்ட் என்பன வேறு வகையின. ஒவ்வொருவர் குரலும் அவரவர் கணினியிலேயே பதிவாகிப் பின்னர் பதிவேற்றப்படும். விடியோவுக்கும் இதுவே முறை. இணையம் தளர்ந்தாலும் பதிவு கெடாது. முன்னாளில் வானொலியாளர் இரு முனையிலும் ஒலிநாடாவை ஓடவிட்டுப் பின்னர் இணைத்த முறையும் இதுவே.

ஆகவே, மென்பொருளைத் தெரிவு செய்யுமுன் மூன்று வினாக்களை எழுப்புக. பதிவு எங்கே நிகழ்கிறது? குரல்கள் தனித்தனியே கிடைக்குமா? ஓர் இணைப்பைத் தொட்டவுடன் உள்ளே வர விருந்தினரால் இயலுமா? முதியோரைச் செவ்வி காண்போர்க்கு மூன்றாவதே தலையாயது. இலவசத் திட்டமாயின், அதன் நேர வரம்பையும் முன்னரே படித்தறிக.

பேச்சு முடிந்தவுடன் எவரும் உலாவியை மூடலாகாது. சுருக்கப்படாத ஒற்றைக்குரற் கோப்பே மணிக்கு ஏறத்தாழ 345 மெகாபைற் ஆகும். விடியோ அதனினும் பெரிது. பதிவேற்றம் முடியும்வரை விருந்தினரைக் காத்திருக்க வேண்டுக. இரு பாலாரும் ஹெட்போன் அணிக. இன்றேல் ஒருவர் குரல் மற்றவர் பதிவிற் புகும். முதல்நாள் ஐந்து நிமிடம் ஒத்திகை பார்க்க. அவரது கைத்தொலைபேசியை மேசைமீது வைத்து, அதிலும் ஒரு பதிவு ஓடட்டும். ஒன்று தவறினும் மற்றொன்று காக்கும்.

எம் மாணவர் அவ்வறுந்த பதிவை இன்றும் அழிக்கவில்லை. அதில் முழுமையாகக் கேட்பது, இறுதியில் அவர் கூறிய வாழ்த்து ஒன்றே. நம் வீட்டுப் பெரியோர் பலர் கடல் கடந்து வாழ்கின்றனர். மாணவர்களே, அவர்தம் குரலைப் பதிவு செய்ய நாள் குறிக்குமுன், தக்க கருவியைத் தெரிந்து கொள்ளுங்கள். நாள் குறிப்பதையோ பிற்போடாதீர்கள்.