8.5 சிஜிபிஏ இருந்தா காலேஜ் மாறிடலாமா? புதுச்சேரி இன்ஜினியரிங் மாணவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

மூலக்குளத்தில் வீடு. வில்லியனூர் ரோட்டில் மேற்கே போனால் மதகடிப்பட்டு பக்கம் தனியார் பொறியியல் கல்லூரி. வடக்கே ஈசிஆரில் போனால் பிள்ளைச்சாவடியில் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், அதாவது பழைய புதுச்சேரி பொறியியல் கல்லூரி. பிளஸ் டூவில் கொஞ்சம் மார்க் குறைஞ்சு, சென்டாக் கவுன்சிலிங்கில் தனியார் கல்லூரி சீட் வாங்கியவர்களுக்கு முதல் வருஷ ரிசல்ட் வந்ததும் ஒரு கேள்வி வரும். நல்ல சிஜிபிஏ இருக்கே, ரெண்டாம் வருஷம் அங்க மாறிட முடியாதா?

மார்க் தேவைதான். ஆனா மார்க்கை யாரும் முதலில் பார்ப்பதில்லை.

முதலில் பார்ப்பது காலியிடம். ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்பது ஏஐசிடிஇ அனுமதித்த எண்ணிக்கை. அதற்கு மேல் ஒரு நாற்காலி கூட போட முடியாது. முதல் வருஷத்தில் நிரம்பாத இடங்களும் பொதுவாக டிப்ளமோ முடித்து லேட்டரல் என்ட்ரியில் வருபவர்களுக்குப் போய்விடும். எல்லாரும் ஆசைப்படுற கம்ப்யூட்டர் சயின்ஸில் இடம் காலியா இருக்குமா என்பதை யோசித்துக்கொள்ளலாம்.

அடுத்தது அரியர். இங்கதான் பலர் ஏமாறுவது. அண்ணா பல்கலைக்கழக முறையில் தேறாத பாடம் ஜிபிஏ கணக்கிலேயே சேராது. தேறிய பாடங்களின் கிரெடிட்டை வைத்துத்தான் சராசரி வரும். அதனால் ஒருவருக்கு சிஜிபிஏ 8.2 என்று இருக்கும், கூடவே கணக்குப் பேப்பரில் ஒரு அரியரும் இருக்கும். இடமாற்ற விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும்போது, எல்லாத் தாளிலும் பாஸ் ஆன 7.4, அந்த 8.2-ஐத் தாண்டிப் போய்விடும். தமிழ்நாட்டிலும் சரி, மற்ற இடங்களிலும் சரி, 'அரியர் இல்லை' என்பதுதான் வழக்கமான முதல் நிபந்தனை.

ஒரே ஊர், வேற பல்கலைக்கழகம்

பிள்ளைச்சாவடி கல்லூரி முன்பு புதுவைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. 2020-ல் அது தனிப் பல்கலைக்கழகம் ஆனது. ஆக, புதுவைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியில் படிப்பவர் அங்கே போக நினைத்தால் அது வெறும் காலேஜ் மாற்றம் இல்லை, பல்கலைக்கழக மாற்றம். பாடத்திட்டம் வேறு. இங்கே முதல் வருஷம் படித்த பாடம் அங்கே மூன்றாம் செமஸ்டரில் இருக்கலாம். அங்கே முடிந்துபோன பாடத்தை இவர் தொட்டே இருக்க மாட்டார். அந்த விடுபட்ட தாள்களை எழுதித்தான் ஆகணும். விழுப்புரம், கடலூர் பக்கத்து அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு மாற நினைத்தாலும் இதே கதைதான்.

யுஜிசி 2021-ல் கொண்டுவந்த கிரெடிட் வங்கி இதைச் சுலபமாக்கும் என்று சொல்லப்பட்டது. வாங்கிய கிரெடிட் அதில் பத்திரமாக இருக்கும், உண்மைதான். ஆனா கிரெடிட் இருப்பதும் சீட் இருப்பதும் வேறு வேறு. அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சில வளாகங்கள், கம்யூனிட்டி காலேஜில் குறிப்பிட்ட ஜிபிஏ வாங்கியவர்களுக்கு இடம் உறுதி என்றே திட்டம் வைத்திருக்கின்றன. யூடியூபில் அதைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைக்க வேண்டாம்.

அப்போ மார்க் எங்கே உதவும்?

டிப்ளமோ மாணவர்களுக்கு நேரடியாக உதவும். லேட்டரல் என்ட்ரிக்கு ஏஐசிடிஇ கேட்கும் குறைந்தபட்சம் 45 சதவீதம், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40. சென்டாக் தரவரிசை டிப்ளமோ மார்க்கை வைத்துத்தான் போடப்படும். லாஸ்பேட்டை அரசு பாலிடெக்னிக்கில் நல்லா படித்த ஒருவர் நேராக பி.டெக் ரெண்டாம் வருஷத்தில் உட்காரலாம். காலேஜ் மாற நினைக்கும் பி.டெக் மாணவரை விட அவருக்கு வழி தெளிவாகவே இருக்கிறது.

பிரச்சினை காலேஜ் இல்லை, பிரிவுதான் என்றால், அதே கல்லூரிக்குள் பிரிவு மாற்றம் இருக்கிறதா என்று முதல் செமஸ்டரிலேயே விசாரிப்பது நல்லது. அதை அனுமதிக்கும் கல்லூரிகளில் முதல் வருஷ சிஜிபிஏ வரிசைப்படிதான் இடம் தருவார்கள். அங்கே 8.5-க்கும் 8.6-க்கும் இடையே உள்ள வித்தியாசம் கூட பேசும்.

எல்லாத்தையும் விட முக்கியமான ஒன்று. புதுக் கல்லூரியின் சேர்க்கை உத்தரவு எழுத்தில் கைக்கு வராமல் பழைய கல்லூரியில் டிசி வாங்கக் கூடாது. 'இடம் இருக்கு, வாங்க' என்று போனில் சொன்னதை நம்பி டிசி வாங்கியவர், இங்கேயும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல் ஒரு வருஷத்தை இழக்க நேரிடும். கிளம்பும்போது 'மீதி வருஷ ஃபீஸையும் கட்டு, அப்பதான் சர்ட்டிபிகேட்' என்று யாராவது கேட்டால், ஏஐசிடிஇ விதிப்படி அப்படிக் கேட்க முடியாது. ஒரிஜினல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று 2018-லேயே யுஜிசியும் சொல்லியிருக்கிறது.