நாரிநோ என்று மட்டும் சொல்லிவைத்தோம்

'எங்கட சனம் இல்லாத வருத்தத்தை இருக்குதெண்டு சொல்லி அரசாங்கக் காசை எடுக்குது' என்றொரு பேச்சு எம்மவர் மத்தியில் நெடுங்காலமாக உலாவுகிறது. கோயில் மண்டபத்திலும் கலியாண வீட்டிலும் இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் வீடு வாங்கியவர்கள், கடை வைத்திருப்பவர்கள். மெத்ரோவின் நீலப் பாதை 1986 இலிருந்து வந்து முடிகிற இந்தச் செயின்ட்-மிஷேலில் குடியிருந்துகொண்டு, மொன்றியல் குசினிகளில் கோப்பை கழுவியும் கோழி வெட்டியும் காலம் தள்ளுகிற நாங்கள் இதற்கு ஒரு மறுப்பு எழுதவேண்டியிருக்கிறது. நாங்கள் கண்டவரையில் எம்மவர் சொல்லுகிற பெரிய பொய் இதற்கு நேரெதிரானது. இருக்கிற வருத்தத்தை இல்லை என்பதுதான் அது.

இந்தப் பொய்யை நாங்கள் எங்கே படித்தோம்? சோதனைச் சாவடியில் படித்தோம். உடம்பில் ஒரு தழும்பு இருந்தால் அதற்கு நூறு கேள்வி. ஆகவே சட்டையை முழங்கை வரை இறக்கிவிடப் பழகினோம். பிறகு கனடாவுக்கு வந்து குடிவரவு மருத்துவப் பரிசோதனைக்குப் போனபோது, 'எதைக் கேட்டாலும் இல்லையெண்டு சொல்லு, வருத்தக்காரனைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்' என்று சொல்லித்தர எங்களுக்குள்ளேயே ஆட்கள் இருந்தார்கள். 2002 இல் நடைமுறைக்கு வந்த குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 38 ஆவது பிரிவு, மருத்துவச் செலவு கூடிவிடும் என்ற காரணத்தைக் காட்டி அகதியை மறுக்கக்கூடாது என்கிறது. அதை எங்களுக்கு யார் சொன்னார்கள்? பயம்தான் சட்டத்தைவிட முந்தி வந்து சேர்ந்தது.

எங்களில் ஒருவருடைய கதையைச் சொல்லுகிறோம். பேர் வேண்டாம், ரெஸ்ரோறன்ற் பேரும் வேண்டாம். ஐம்பதைத் தாண்டியவர், நாங்கள் அண்ணை என்றே கூப்பிடுவோம். 2019 தை மாதம் எண்ணெய்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போகையில் ஈரத்தில் வழுக்கி நாரியடிபட விழுந்தார். முதலாளி அவரைக் காரில் ஏற்றும்போதே சொல்லிவிட்டார்: 'வீட்டுப் படியில விழுந்தனான் எண்டு சொல்லுங்கோ அண்ணை. உங்களுக்கும் பிரச்சினை, எனக்கும் பிரச்சினை.' அண்ணையும் அப்படியே சொன்னார். டொக்டர் எழுதிய தாளில் அவருடைய விபத்து வீட்டு விபத்தாயிற்று.

அந்த ஒரு வசனத்தின் விலையைக் கணக்குப் பார்ப்போம். வேலையில் காயப்பட்டவருக்கான அலுவலகத்தை எம்மவர் இன்றும் பழைய பேரில் 'சி.எஸ்.எஸ்.ரி' என்கிறார்கள், 2016 இலிருந்து அது சி.என்.ஈ.எஸ்.எஸ்.ரி. வேலையில் காயப்பட்டால் முதல் 14 நாளைக்கு முதலாளி கொடுக்கவேண்டும், பிறகு அந்த அலுவலகம் கொடுக்கும். கைக்கு வரும் சம்பளத்தில் 90 சதவீதம். முதலாளி பதிவு செய்யாமல் கடை நடத்தினாலும் தொழிலாளிக்கு அந்த உரிமை உண்டு. டொக்டரைத் தெரிவுசெய்கிற உரிமையும் தொழிலாளியுடையது, முதலாளியுடையதல்ல. ஆறு மாதத்துக்குள் கோரவேண்டும். அண்ணைக்கு இது தெரியவந்தபோது ஆறு மாதம் எப்போதோ போய்விட்டிருந்தது.

அவர் எடுத்தது வேலையில்லாக் காப்புறுதியின் சுகயீனப் பணம். அப்போது அது 15 வாரம்தான். 2022 மார்கழியில்தான் 26 வாரமாக்கினார்கள். வாரங்கள் முடிந்தன, நாரி நிமிரவில்லை. அந்த ஆனியில் வெல்பெயருக்குப் போனார். மேசைக்கு அப்பால் இருந்தவர் 'வேலை செய்ய முடியாதபடி உடம்புக்கு ஏதாவது?' என்று கேட்க, 'கொஞ்சம் நாரிநோ, சுகமாகிடும்' என்றார்.

பத்து வருடத்துச் சீனி வருத்தத்தைச் சொல்லவில்லை. இடது பாதம் விறைத்துப்போய், செருப்புக் கழன்றாலும் தெரியாமல் நடப்பதைச் சொல்லவில்லை. 2009 இல் வன்னியில் பட்ட செல் துண்டு ஒன்று இன்னும் தோளுக்குள் கிடப்பதைச் சொல்லவில்லை. இரவில் குளறிக்கொண்டு எழும்புவதை, அவருடைய மனுசியைத் தவிர, யாருக்குமே சொல்லவில்லை. ஆகவே வேலைதேடக்கூடிய சுகதேகிகளின் பட்டியலில் அவரைப் போட்டார்கள். சுகமாகிடும் என்று அவரே சொன்ன பிறகு வேறென்ன செய்வார்கள்?

இனித்தான் உண்மையான அநியாயம். 2023 தையில் கியூபெக் அரசு, நெடுங்காலமாகக் கடுமையான இயலாமையோடு இருப்பவர்களுக்கு அடிப்படை வருமானத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. வெல்பெயரைவிடக் கூடிய பணம், குறைந்த கெடுபிடி. கடைசி 72 மாதத்தில் 66 மாதம் 'வேலைக்குக் கடுமையான தடையுள்ளவர்' என்ற வகுப்பில் இருந்திருக்க வேண்டும் என்பது விதி. அண்ணை முதல்நாளே எல்லாவற்றையும் சொல்லி, டொக்டரின் அறிக்கையும் ஏற்கப்பட்டிருந்தால், 2024 முடியும்போது அவருக்கு 66 மாதம் நிரம்பியிருக்கும். சொல்லாததால் அவருடைய கணக்கு பூச்சியம். அதே வருத்தம், அதே மாதங்கள். ஆனால் வாய் திறக்காத மாதம் மாதமாக எண்ணப்படாது.

அரசின் பக்கத்தையும் சும்மா விடமாட்டோம். ஒரே உடம்பு, ஆனால் ஒவ்வொரு யன்னலிலும் வேறு கேள்வி. காப்புறுதிக்காரர், வருத்தமில்லாவிட்டால் வேலைக்கு வருவாயா என்கிறார். காய அலுவலகம், இது வேலையால் வந்ததா என்கிறது. ரெற்றெத் கெபெக்கின் இயலாமை ஓய்வூதியத்துக்கு, அறுபது வயதுக்குக் குறைந்தவர் எந்த வேலையுமே இனிச் செய்யமுடியாதவராக இருக்கவேண்டும். 2025 ஆடியில் ஒட்டாவா தொடங்கிய கனடா இயலாமைக் கொடுப்பனவு, தொடங்கியபோது மாதம் கூடியது 200 டொலராக இருந்தது. அதற்கு வரிச்சலுகைச் சான்றிதழ் வேண்டும், அதில் நடப்பது, உடுப்பது, சாப்பிடுவது பற்றிக் கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் டொக்டர் நிரப்புகிற தாள் வேறு. குடும்ப டொக்டரே இல்லாதவர் எத்தனை தாளோடு எந்தக் கதவைத் தட்டுவது? போதாததற்கு 2022 இல் நிறைவேறிய மொழிச்சட்டம், புதிதாக வந்தவரோடு ஆறு மாதத்துக்குப் பிறகு அரசு பிரெஞ்சில் மட்டும் பேசவேண்டும் என்கிறது. சுகாதாரத்துக்கு விதிவிலக்கு உண்டு என்று எழுதியிருக்கிறார்கள். அந்த விதிவிலக்கைக் கேட்டுவாங்கவும் பிரெஞ்சு தெரியவேண்டும்!

ஆனால் கோபத்தின் பெரும்பங்கை எம்மவருக்கே வைத்திருக்கிறோம். பாதிச் சம்பளம் செக்கில், பாதி கைக்காசு என்று கொடுக்கிற முதலாளிமாரே, அந்த இயலாமை ஓய்வூதியத்துக்குப் பங்களிப்பு வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாதா? கடைசி மூன்று வருடத்தில் இரண்டு, அல்லது பத்தில் ஐந்து, அதுவுமில்லாவிட்டால் கட்டக்கூடிய வருடங்களில் பாதி. முழுவதும் கைக்காசில் உழைத்தவனுக்கு இதில் எந்தக் கணக்கும் சரிவராது. (நாங்களும் கைக்காசை மறுக்கவில்லை. ஊருக்கு அனுப்பவேண்டியிருந்தது. அந்தக் குற்றத்தில் எங்களுக்கும் பங்குண்டு.) நாங்கள் துணைக்குக் கூட்டிக்கொண்டு போகிற மொழிபெயர்ப்பாளர்களே, டொக்டரின் அறையில் கேட்டதைப் பின்னேரம் தேத்தண்ணிக் கடையில் சொல்லாமல் இருந்தால் எத்தனை பேர் வாய் திறந்திருப்பார்கள்! மண்டபத்தில் நின்று 'வெல்பெயர்க் கள்ளர்' என்பவர்களே, நீங்கள் கள்ளன் என்பீர்கள் என்ற பயத்தில்தான் அண்ணை சுகதேகியானார்.

போன மாதம் ஒரு ஞாயிறு இரவு, கடை பூட்டிய பிறகு, அண்ணையை இருத்திவைத்து அவருடைய வருத்தங்களை ஓடர் தாளின் பின்பக்கத்தில் எழுதினோம். டொக்டருக்கும் வெல்பெயருக்கும் வரிச்சலுகைத் தாளுக்கும் ஒரே சொல்லில் ஒரே பட்டியல். எது எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் நிற்கமுடியும், எத்தனை படி ஏறமுடியும், எந்தக் குளிசை. எங்களில் ஒருவன் ஊரில் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் படித்துவிட்டு இடையில் விட்டவன். அந்தப் படிப்பு இதற்காவது உதவியது. நாரி, சீனி, கால் விறைப்பு, தோள். பதினொரு வரி வந்தது. பன்னிரண்டாவதாக இரவில் குளறுவதை எழுத அண்ணை எழும்பிவிட்டார்.

'அதை மட்டும் வெட்டிவிடுங்கோ தம்பியவை. மகளுக்குக் கலியாணப் பேச்சு நடக்குது.'

நாங்கள் வெட்டவில்லை. அவர் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு கடைசி மெத்ரோவுக்குப் போனார். டொக்டரிடம் கொடுக்கும்போது அந்த வரி அதில் இருக்குமோ தெரியாது. சந்திப்பு அடுத்த கிழமை.